கண்ணால பாத்தேன்னு சொல்லாதீங்க

மொதல்லயே சொல்லிடறேன். நான் டாக்டர் கிடையாது. எக்ஸ்ரே டெக்னீஷியனும் கிடையாது. குஜிலியம்பாறையில் கணக்கு எழுதி வயித்தக் கழுவுற ஆளு. சாயங்காலம் ஆனா இங்க வந்து எதையாவது எழுதி உங்க உயிரை வாங்குறது என் பொழுதுபோக்கு. போன பதிவுல முருங்கைக்காய் விலையைப் பத்தி நான் பொலம்பினதையே முழுசா படிச்ச புண்ணியவான்கள் நீங்க. இதையும் படிச்சிருவீங்கன்னு நம்பிக்கை இருக்கு. :)

ஆனா இந்தத் தடவை மொக்கை இல்ல. கோவத்துல எழுதறேன்.

போன வாரம் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தியில பக்கத்துல உக்காந்திருந்த ஒருத்தர், படிச்சவர், நல்ல வேலையில இருக்கறவர், சாம்பார் ஊத்தற கேப்புல ஒரு தத்துவத்த எடுத்து விட்டார். "இப்பல்லாம் எதுக்குங்க ஃபிலிமு, கம்ப்யூட்டரு? எக்ஸ்ரேய வாட்ஸ்அப்ல அனுப்பினா போச்சு. ஃபோன்லயே பளிச்சுனு தெரியுது. எனக்கே தெரியுது, டாக்டருக்குத் தெரியாதா?" சுத்தி இருந்த நாலு பேரும் ஆமாம் ஆமாம்னு தலையாட்டினாங்க. நானும் வாயில அப்பளத்தை வச்சுக்கிட்டு சும்மா இருந்துட்டேன். பந்தியில சண்டை போட்டா நல்லாவா இருக்கும்? அதான் இங்க போடறேன்.

"பளிச்சுனு தெரியுது." இந்த ஒரு வார்த்தைதான் என் சண்டைக்குக் காரணம். பளிச்சுனு தெரியறதும் சரியா தெரியறதும் ஒண்ணுன்னு எவன் சொன்னது?

எங்க சித்தப்பா கதையைச் சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுல முப்பது வருஷம் ஓட்டினவர். ரிட்டையர் ஆகி வீட்டுல இருக்கார். ரெண்டு வருஷம் முன்னாடி விடாத இருமல். மில்லுக்காரங்களுக்கு இருமல்ங்கறது ஒரு செய்தியே இல்ல. பஞ்சுத்தூசின்னு சொல்லிட்டு வெத்தலையப் போட்டுக்குவாங்க. நாலு வாரம் ஆகியும் நிக்கலைன்னதும் சித்திதான் சண்டை போட்டு எக்ஸ்ரே எடுக்க வச்சாங்க. எடுத்த எடத்துல ஃபிலிம் கொடுக்கல. ஏ-4 காயிதத்துல ஒரு பிரிண்ட்டு, கூடவே வாட்ஸ்அப்புல ஒரு படம். தம்பி அந்தப் படத்தைத் தெரிஞ்ச டாக்டருக்கு அனுப்பினான். அவர் எங்கயோ கார்ல போயிட்டிருந்தாராம். அஞ்சு நிமிஷத்துல பதில். "நல்லாத்தான் இருக்கு. சளி மருந்து கொடுங்க."

எல்லாருக்கும் சந்தோஷம். நானும் அந்தப் படத்தைப் பாத்தேன். எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு! விலா எலும்பெல்லாம் ஒண்ணு ரெண்டுன்னு எண்ணற மாதிரி பளிச்சுனு.

ஆறு வாரம் கழிச்சு மனுஷன் எடை கொறஞ்சு, ராத்திரி ஆனா சட்டை நனையற அளவுக்கு வேர்வை. திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டுப் போனோம். அங்க இருந்த டாக்டரம்மா புதுசா எக்ஸ்ரே எடுக்கல. பழைய படத்தோட அசல் ஃபைலக் கேட்டு வாங்கி, ரூம் லைட்டை அணைச்சுட்டு, பெரிய மானிட்டர்ல போட்டு, மவுசை இப்படியும் அப்படியும் இழுத்தாங்க. படம் வெளுத்துச்சு, கறுத்துச்சு. திடீர்னு வலது பக்கக் காறை எலும்புக்குப் பின்னாடி பஞ்சு மாதிரி ஒரு நிழல். "இது அன்னிக்கே இருந்திருக்குங்க"ன்னாங்க. சளி டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க. ட்ரூநாட்ல டிபின்னு வந்துச்சு.

சித்தப்பா பொழைச்சுக்கிட்டார். ஆறு மாசம் மாத்திரை, அரசாங்கமே இலவசமா கொடுத்துச்சு, இப்ப நல்லா இருக்கார். ஆனா அந்த ஆறு வாரமும் அவர் பக்கத்துல படுத்துத் தூங்கினது மூணு வயசுப் பேத்தி. அதுக்கும் டெஸ்ட்டு எடுத்து, நோய் இல்லைன்னு தெரிஞ்சதுக்கப்புறமும், வராம தடுக்கறதுக்குன்னு மாசக்கணக்கா மாத்திரை. வெல்லத்துல பொதிஞ்சு கொடுத்தாலும் மாத்திரையை மட்டும் துப்பும். வெல்லத்தை முழுங்கிரும். அவ அம்மா பட்ட பாட்டை நான் எழுத மாட்டேன்.

இந்த எடத்துல சிலர் "அந்த டாக்டரை சும்மாவா விட்டீங்க?"ன்னு பின்னூட்டத்துல கேப்பீங்க. தெரியும். விட்டோம். ஏன்னா கோவம் ஆறினப்புறம் யோசிச்சுப் பாத்தேன். அந்த நிழலை டாக்டரம்மா விரலை வச்சுக் காட்டினப்புறம் எனக்கும் தெரிஞ்சுச்சு. வீட்டுக்கு வந்து ஃபோன்ல இருந்த அதே பழைய படத்தை எடுத்துப் பாத்தா... அதுலயும் லேசா தெரியற மாதிரி இருந்துச்சு! சித்திக்குத் தெரிஞ்சுச்சு. தம்பிக்குத் தெரிஞ்சுச்சு. "இம்மாம் பெருசு, எப்படிய்யா விட்டான் அந்தாளு"ன்னு பக்கத்து வீட்டுக்காரர் வரைக்கும் கேட்டுட்டார். விடையைத் தெரிஞ்சுக்கிட்டு விடுகதை சொன்னா எல்லாரும் புத்திசாலிதான். ஆறு வாரம் முன்னாடி அதே படத்தை அதே கண்ணால பாத்து "நல்லாருக்கு"ன்னு சொன்னவன் நானு. அந்தக் கண்ணைத்தான் நான் இன்னிக்குக் கூண்டுல ஏத்தறேன்.

இது எங்க வீட்டுக்கு மட்டும் நடந்த விஷயம்னு நெனச்சுட்டு விட்டுருப்பேன். ஆனா கொஞ்சம் தேடிப் படிச்சா, இந்தக் கதைக்கு முக்கா நூற்றாண்டு வயசு.

இரண்டாம் உலகப்போர் முடியற நேரத்துல அமெரிக்காவுல ஒரு பிரச்சனை. லட்சக்கணக்கான பேருக்கு நெஞ்சுப் படம் எடுத்து டிபி பாக்கணும். பெரிய ஃபிலிம் வெலை ஜாஸ்தி. சின்ன 35 மில்லிமீட்டர் ஃபிலிம் மலிவு. காயிதத்துல எடுக்கறது ஒரு வகை. ரெட்டைப் படமா எடுத்துப் பாக்கறது இன்னொரு வகை. எது நல்லதுன்னு கண்டுபிடிக்க ஒரு குழு போட்டாங்க. 1256 பேருக்கு நாலு விதத்துலயும் படம் எடுத்து, அனுபவம் உள்ள அஞ்சு பேரைத் தனித்தனியா உக்கார வச்சுப் படிக்க வச்சாங்க. 1947ல முடிவு வந்துச்சு. என்ன முடிவு தெரியுமா? எந்த ஃபிலிம் ஒசத்தின்னு சொல்லவே முடியல. ஏன்னா ஃபிலிமுக்கும் ஃபிலிமுக்கும் இருந்த வித்தியாசத்தை விட, ஆளுக்கும் ஆளுக்கும் இருந்த வித்தியாசம் பெருசு. ஒருத்தர் நோய்னு சொன்ன படத்துல சுமாரா மூணுல ஒண்ணை இன்னொருத்தர் ஒத்துக்கல. அதை விடக் கொடுமை, அதே ஆளுகிட்ட அதே படத்தைக் கொஞ்ச நாள் கழிச்சுக் கொடுத்தா, சுமாரா அஞ்சுல ஒண்ணுல தான் சொன்னதையே மாத்திச் சொன்னார்.

மாத்திச் சொன்னது யாரு? தெருவுல போறவங்க இல்ல. நெஞ்சுப் படம் படிக்கறதையே தொழிலா வச்சிருந்தவங்க.

அந்தக் குழப்பத்துக்குக் கணக்கு போட்டவர் ஜேக்கப் யெருஷல்மி. நோய் இருக்கறவனை "இருக்கு"ன்னு சொல்ற திறமை வேற, இல்லாதவனை "இல்ல"ன்னு சொல்ற திறமை வேற, ரெண்டையும் தனித்தனியா அளக்கணும்னு அதே 1947ல எழுதினார். கொரோனா காலத்துல டெஸ்ட் கிட்டு பத்தி பேசறப்ப டிவியில அடிக்கடி சென்சிட்டிவிட்டி, ஸ்பெசிஃபிசிட்டின்னு கேட்டிருப்பீங்களே, அந்தப் பேச்சு மருத்துவத்துல வேர் புடிச்சது இந்த எக்ஸ்ரே பஞ்சாயத்துலதான். ரெண்டு வருஷம் கழிச்சு, 1949ல, கார்லண்டுன்னு ஒரு ரேடியாலஜிஸ்ட் இதே விஷயத்தை தன் சக டாக்டர்களுக்கு முன்னாடியே போட்டு உடைச்சார். சொந்தத் தொழிலோட ஓட்டையை தானே எடுத்துக் காட்டறதுக்கு ஒரு தைரியம் வேணும். கணக்கு எழுதற எனக்கு அது நல்லாவே தெரியும். ஹி ஹி.

இங்க பந்தி நண்பர் ஒரு போடு போடுவார். "பாத்தியா, சின்ன ஃபிலிமும் பெரிய ஃபிலிமும் ஒண்ணுதான்னு அவங்களே சொல்லிட்டாங்க. அப்ப ஃபோன் படமும் போதும்தானே?"

அதான் இல்ல. இந்த எடத்துலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க. நம்ம சந்தையில பழைய தட்டுத் தராசு ஒண்ணு இருக்குன்னு வச்சுக்குங்க. ஒவ்வொரு தடவை நிறுத்தாலும் நூறு கிராம் முன்னப்பின்ன ஆடுது. அதுல ரெண்டு கூடை கத்தரிக்காயை நிறுத்து, "ரெண்டும் ஒரே எடைதான்"னு சொன்னா ஒத்துக்குவீங்களா? அம்பது கிராம் வித்தியாசம் அந்தத் தராசுக்குத் தெரியவே தெரியாது. வித்தியாசம் தெரியலைங்கறது தராசோட யோக்கியதை. கூடையோட யோக்கியதை இல்ல. "ஃபோன்ல பாத்தாலும் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது"ன்னு ஒருத்தர் சொன்னா, அவர் படத்தைப் பத்திச் சொல்லல. அவரோட கண்ணைப் பத்திச் சொல்றார்.

நானும் சும்மா பேசக்கூடாதுன்னு வீட்டுல ஒரு விளையாட்டு விளையாடினேன். சித்தப்பா படத்தோட அசலை லேப்டாப்புல படமா மாத்திக்கிட்டேன். அதுலயே இன்னொரு காப்பி எடுத்து, ஃபோட்டோ சாஃப்ட்வேர்ல கான்ட்ராஸ்ட்டை ஏத்தி, ஓரமெல்லாம் கூர்மையாக்கி வச்சேன். வீட்டுக்கு வந்தவங்ககிட்ட ரெண்டையும் காட்டி "எது நல்ல படம்?"னு கேட்டேன். ஒருத்தர் விடாம நான் நோண்டினதைத்தான் காட்டினாங்க. "இதுதாம்ப்பா கிளியரா இருக்கு." அந்தக் கிளியரான படத்துலதான் காறை எலும்பு வெள்ளையா வெடிச்சு, அதுக்குப் பின்னாடி இருந்த நிழலை மொத்தமா முழுங்கியிருந்துச்சு. இது ஆராய்ச்சி இல்ல, திண்ணை விளையாட்டு. ஆனா முறையா ஆராய்ச்சி பண்ணினவங்களும் இருக்காங்க. 1994லயே பமீலா காஸ்மேன், ராபர்ட் கிரே, ரிச்சர்ட் ஓல்ஷன்னு மூணு பேர், சுருக்கின மருத்துவப் படத்தோட தரத்தை எப்படி அளக்கறதுன்னு எழுதினாங்க. கணக்குப் போட்டு வர்ற தரம் ஒண்ணு. பாக்கறவர் மார்க் போடற தரம் ஒண்ணு. அந்தப் படத்தை வச்சு நோயைச் சரியா கண்டுபிடிக்கறாங்களாங்கறது மூணாவது. ஒண்ணை அளந்துட்டு இன்னொண்ணுன்னு நெனச்சுக்கக் கூடாது. நம்மாளுங்க ரெண்டாவதை மட்டும் பாத்துட்டு மூணாவதுக்கு சர்டிபிகேட் கொடுத்துட்டு இருக்கோம்.

இதுல இன்னொரு கூத்து. டிஜிட்டல் எக்ஸ்ரே வந்தப்புறம், கதிர் கொறைவா விட்டா படம் புள்ளி புள்ளியா கரகரன்னு இருக்கும். அது எல்லார் கண்ணுக்கும் படும், டாக்டர் திட்டுவார். கதிர் ஜாஸ்தியா விட்டா? ஃபிலிம் காலத்துல படம் கறுத்துப் போயி குட்டு வெளிப்பட்டுரும். டிஜிட்டல்ல கம்ப்யூட்டர் சரி பண்ணிரும். படம் வழவழன்னு அழகா வரும். யாரும் திட்ட மாட்டாங்க. அதனால கொஞ்சங் கொஞ்சமா கதிரை ஏத்திக்கிட்டே போற பழக்கம் உலகம் பூரா வந்துச்சு. இதுக்குன்னே தனிப் பேரு வச்சுக் கவலைப்படற அளவுக்கு! அழகான படத்துக்கு நாம ஆசைப்பட்டா, அதுக்கான காசை நம்ம ஒடம்பு கட்டுது.

சரி, கண்ணுக்கு ஏன் தெரியல? கண்ணு கெட்டுப்போச்சா? இல்ல. சாம்பல் நிறத்துல அடுத்தடுத்த ரெண்டு படியைப் பிரிச்சுப் பாக்க கண்ணுக்கு ஒரு எல்லை இருக்கு. அதைக் கணக்குல எடுத்துத்தான் மருத்துவ மானிட்டருக்குன்னு டைகாம் தரத்துல ஒரு வெளிச்ச அளவுகோல் வச்சிருக்காங்க. கும்மிருட்டு மாதிரி மங்கல்ல இருந்து கண்ணு கூசற வெளிச்சம் வரைக்கும், மனுஷக் கண்ணு பிரிச்சறியக்கூடிய 1023 படின்னு கணக்கு. மானிட்டர் அந்தப் படிக்கட்டைச் சீரா காட்டணும். எக்ஸ்ரே மெஷின் பிடிக்கறது 12 பிட்டுன்னு வச்சுக்கிட்டா 4096 படி. வாட்ஸ்அப்புல வர்ற ஜேபெக் படத்துல 256 படி. அந்த 256ம் ஃபோன் திரையில, வெயில்ல, பேட்டரி மிச்சம் புடிக்க வெளிச்சத்தைக் கொறைச்சு வச்ச ஃபோன்ல எத்தனை படியா தெரியும்? கறுப்புப் பக்கம் இருக்கற படியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நுரையீரல் எங்க இருக்கு? அந்தக் கறுப்புலதானே சாமி இருக்கு!

அதோட அசல் ஃபைல்ல, டாக்டரம்மா பண்ணின மாதிரி மவுசை இழுத்து, வேணுங்கற படிகளை மட்டும் விரிச்சுப் பாக்கலாம். வாட்ஸ்அப் படத்துல எவ்வளவு இழுத்தாலும், போனது போனதுதான்.

எக்ஸ்ரே மெஷின் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துகிட்ட லைசென்ஸ் வாங்கணும். மெஷினுக்குத் தர சோதனை உண்டு. ரொம்பச் சரி. அந்த மெஷின்ல இருந்து வர்ற படத்தைக் கடைசியா பாக்கற திரைக்கு? கடைசி நூறடியில நாம செல்ஃபி எடுக்கற ஃபோனை நட்டு வச்சுட்டோம். ஆத்துல இருந்து ஃபில்டர் பண்ணி பைப்புல கொண்டாந்த தண்ணிய ஓட்டைக் கொடத்துல புடிக்கற கதை.

நியாயமா ஒண்ணு சொல்லணும். ஃபோன்ல படம் அனுப்பறதே தப்புன்னு நான் சொல்லல. ராத்திரி ரெண்டு மணிக்குக் கரூர் ரோட்டுல ஆக்சிடெண்ட்டு, மண்டைக்குள்ள ரத்தக்கட்டு. அந்த சி.டி. படத்தை மதுரையில இருக்கற டாக்டருக்கு ஃபோன்ல அனுப்பி "ஏத்திட்டு வரலாமா"ன்னு கேக்கறது உயிர் காக்கற வேலை. அது ஊரறிஞ்ச பெரிய வித்தியாசம், ஃபோன்லயும் தெரியும். என் சண்டை நுணுக்கமான வித்தியாசத்தைப் பத்தி மட்டும்தான். "இருக்கு"ன்னு சொல்ல ஃபோன் உதவும். "ஒண்ணுமே இல்ல"ன்னு சொல்ல அதுக்கு யோக்கியதை கெடையாது. எங்க சித்தப்பாவுக்குச் சொன்னது ரெண்டாவது.

அடுத்த கோஷ்டி ஒண்ணு இருக்கு. "பெரிய டாக்டர் பாத்துட்டா தப்பே வராது." ஐயா, 2013ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வெளிவந்துச்சு. நுரையீரல் சி.டி. படத்துக்குள்ள ஒரு கொரில்லா பொம்மைப் படத்தை ஒட்டி வச்சாங்க. அவங்க தேடச் சொன்ன கட்டியை விட 48 மடங்கு பெருசு. 24 ரேடியாலஜிஸ்ட்டுங்க பாத்தாங்க. 20 பேர் கொரில்லாவைப் பாக்கவே இல்ல. கண்ணு எங்க போகுதுன்னு கருவி வச்சுப் பாத்தா, அந்த 20ல பெரும்பாலானவங்களோட பார்வை கொரில்லா மேலேயே விழுந்திருக்கு! அவங்க தேடினது கட்டியை. கொரில்லாவை இல்ல. இதுல அவங்களைக் கேலி பண்ண ஒண்ணுமில்ல. தெருவுல பொண்டாட்டியைக் கவனிக்காம கடந்து போயி வாங்கிக் கட்டிக்கிட்டவங்க நம்மள்ல எத்தனை பேரு?

மனுஷக் கண்ணு இப்படின்னு தெரிஞ்சுதான் நம்ம சென்னையிலயே ஒரு நல்ல காரியம் பண்ணினாங்க. சேத்துப்பட்டுல 1956ல டிபி சிகிச்சை ஆராய்ச்சிக்குன்னு ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. இன்னிக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். மொத இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ். டிபிக்காரங்களை சானடோரியத்துல படுக்க வச்சே தீரணுமா, வீட்டுல வச்சு மருந்து கொடுத்தாப் போதாதான்னு 193 நோயாளிகளை வச்சுப் பாத்தாங்க. வீட்டு வைத்தியமும் சானடோரியத்துக்குச் சமமா குணமாக்கும்னு 1959ல வெளியிட்டாங்க. உலகமே டிபி வைத்தியத்தை மாத்திக்கிச்சு. சித்தப்பா இன்னிக்கு வீட்டுலயே இருந்து மாத்திரை தின்னு குணமானதுக்கு விதை அங்க போட்டது. இதெல்லாம் நெறைய பேருக்குத் தெரிஞ்ச சேதி. எனக்குப் புடிச்சது வேற. எக்ஸ்ரே படங்களைப் படிச்சு மார்க் போட்டது யாரு? வைத்தியம் பாத்த டாக்டருங்க இல்ல. வெளியாள் ஒருத்தர். எந்தப் படம் வீட்டு நோயாளியோடது, எது சானடோரியம் நோயாளியோடதுன்னு அவருக்குத் தெரியாது. டாக்டருங்க பொய் சொல்லுவாங்கன்னு பயந்து இப்படிச் செய்யல. நல்ல மனுஷனோட கண்ணு கூட அவனுக்கு வேணுங்கறதைத்தான் பாக்கும்னு தெரிஞ்சு செஞ்சாங்க.

இப்ப நம்ம ஊருக்கு வாங்க. தெரிஞ்ச டாக்டர், தெரிஞ்ச குடும்பம், "சும்மா ஒரு இருமல்தான் சார்"னு முன்னுரையோட ஒரு படம். அந்தப் படத்தைப் பாக்கறதுக்கு முன்னாடியே "நல்லாத்தான் இருக்கு"ங்கற பதிலைத் தம்பி டைப் பண்ணிக் கொடுத்துட்டான்னுதான் நான் சொல்லுவேன்.

கடைசிக் கோஷ்டி, இப்ப ரொம்பச் சத்தம் போடறவங்க. "ஏ.ஐ. வந்துருச்சு, இனிமே மனுஷன் எதுக்கு?" இதுக்குப் பதில் சொல்ல நான் அமெரிக்காவுக்குப் போக வேண்டாம். மதுரைக்குப் போனாப் போதும். சர்க்கரை நோயால விழித்திரை கெடறதைப் படத்துலயே கண்டுபிடிக்கற கூகுளோட ஏ.ஐ. 2016ல வெளிவந்துச்சு. அதைப் பழக்கினது 1,28,175 விழித்திரைப் படங்களை வச்சு. அந்தப் படங்கள்ல ஒரு பங்கு மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா மாதிரி இந்திய ஆஸ்பத்திரிகள்ல இருந்து போனது. நம்ம சனங்களோட கண்ணுதான். ஒவ்வொரு படத்தையும் எத்தனை கண் டாக்டர் பாத்தாங்க தெரியுமா? மூணுல இருந்து ஏழு பேர். மொத்தம் 54 டாக்டருங்க. ஒரு டாக்டரோட கண்ணை மட்டும் நம்பி அந்த ஏ.ஐ.க்குப் பாடம் எடுக்க அவங்க தயாரா இல்ல!

அதுக்கப்புறமும் திருப்தி இல்ல. 2018ல, விழித்திரை நிபுணர்கள் மூணு பேரை உக்கார வச்சு, ஒத்த கருத்து வர்ற வரைக்கும் பேசி முடிவு பண்ண வச்சுப் பாத்தாங்க. தனித்தனியா போட்ட ஓட்டுல பெரும்பான்மை ஒண்ணு சொல்லியிருக்கு, பேசி எடுத்த முடிவு வேற ஒண்ணு சொல்லியிருக்கு. எங்க சறுக்கியிருக்காங்கன்னு பாத்தா, 36 சதவீதம் ரத்தக்குழாய்ல வர்ற ஊசிமுனை வீக்கத்தைக் கவனிக்காம விட்டது. 20 சதவீதம் படத்துல விழுந்த கறைக் கோளாறு சம்பந்தப்பட்டது. 16 சதவீதம் ரத்தக்கசிவை மாத்திப் புரிஞ்சுக்கிட்டது. பாத்தீங்களா, படத்துல இருக்கற அழுக்கும் கண்ணுல இருக்கற நோயும் நிபுணருக்கே கொழம்புது.

2019ல அரவிந்த்லயும் சங்கர நேத்ராலயாவுலயும் 3049 பேரை வச்சுச் சோதிச்சாங்க. ஏ.ஐ. நல்லாவே பண்ணுச்சு, இல்லைன்னு சொல்லல. அதே சோதனையில, மனுஷங்க நோயைக் கண்டுபிடிச்ச அளவு ஆளுக்கு ஆள் 73.4 சதவீதத்துல இருந்து 89.8 வரைக்கும் மாறுச்சு. நீங்க எந்த நாற்காலி முன்னாடி போயி உக்காந்தீங்கங்கறதைப் பொறுத்து உங்க கண்ணோட தலையெழுத்து.

அப்ப ஏ.ஐ. ஜிந்தாபாத்தா? அதே கூகுள் ஏ.ஐ.யைத் தாய்லாந்துல கிராமத்துக் கிளினிக்குகளுக்குக் கொண்டுட்டுப் போனாங்க. 1838 படம் போட்டதுல 21 சதவீதப் படத்தை "தரம் சரியில்ல"ன்னு மெஷின் திருப்பி அனுப்பிருச்சு. ரூம்ல வெளிச்சம் சரியில்ல, படம் மங்கல். நர்ஸம்மாக்களுக்கு எரிச்சல், நோயாளிக்கு அலைச்சல். 2020ல அதை ஒளிக்காம எழுதினாங்க. படிச்சப்ப எனக்கு அந்த மெஷின் மேல ஒரு மரியாதையே வந்துருச்சு. "எனக்குத் தெரியல, வேற படம் கொண்டா"ன்னு சொல்லுச்சே! எங்க தம்பி அனுப்பின படத்துக்கு அந்த ஒரு வார்த்தை பதிலா வந்திருந்தா, ஆறு வாரம் மிச்சமாகியிருக்கும். ஒரு பொடிசு வாயில மாத்திரையைத் திணிச்சிருக்க வேண்டாம்.

டிபிக்கும் 2021ல உலக சுகாதார நிறுவனம், 15 வயசும் அதுக்கு மேலயும் உள்ளவங்களோட நெஞ்சுப் படத்தைக் கம்ப்யூட்டர் படிச்சு சலிக்கலாம்னு பரிந்துரை பண்ணியிருக்கு. வரட்டும். ஆனா அதுக்குப் போடற படமும் அசலா இருக்கணும்ல? ஏ-4 காயிதத்தை ஃபோன்ல ஃபோட்டோ புடிச்சுப் போட்டா அது மட்டும் என்ன பண்ணும் பாவம்.

என்ன பண்ணச் சொல்றேன்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்ல. எக்ஸ்ரேவோ சி.டி.யோ எடுத்தா அசல் டைகாம் ஃபைலைக் கேளுங்க. சி.டி.யிலயோ பென்டிரைவ்லயோ கொடுங்கன்னு அழுத்திக் கேளுங்க. மொறைப்பாங்க. மொறைக்கட்டும். எழுத்துல ரிப்போர்ட் கேளுங்க. ஃபோன்ல வந்த "நல்லாருக்கு"வை ரிப்போர்ட்டா எடுத்துக்காதீங்க. இருமல் ரெண்டு வாரத்துக்கு மேல நின்னா, படம் எவ்வளவு பளிச்சுனு இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துல போயி சளி டெஸ்ட் கொடுங்க. இலவசம்தான். கண்ணோட தப்பைத் திருத்தினது எங்க வீட்டுலயும் கடைசியில அந்தச் சளி டெஸ்ட்டுதான்.

டாக்டருங்க யாராவது இதைப் படிச்சா, நான் தொழில்நுட்பத்துல எங்கயாவது சறுக்கியிருந்தா பின்னூட்டத்துல குட்டுங்க, திருத்திக்கறேன். ஆனா "வாட்ஸ்அப்ல பாத்தே நான் பத்து வருஷமா கரெக்ட்டா சொல்றேன்"னு மட்டும் வராதீங்க. கரெக்ட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? தப்பா சொன்னவங்க உங்ககிட்ட திரும்பி வந்தாங்களா? நாங்க வரலையே. நேரா திண்டுக்கல்லுக்குத்தானே போனோம்.

சித்தப்பாவுக்குப் போன மாசம் செக்கப். இந்தத் தடவை நானே கூடப் போயி, கவுண்டர்ல சண்டை போட்டு, அசல் ஃபைலை சி.டி.யில வாங்கிட்டு வந்துட்டேன். பீரோவுல பத்திரப் பத்தரத்தோட பத்தரமா இருக்கு.

வீட்டுக்கு வந்தப்புறம்தான் கவனிச்சேன், என் லேப்டாப்புல சி.டி. போடற எடமே இல்ல. :(